சிப்பிக்குத் தரை வேண்டும்

சிப்பி தன் வாழ்நாளில் எடுக்கிற முடிவு ஒன்றே ஒன்றுதான்: எங்கே உட்காருவது என்பது. அதையும் கண்ணுக்குத் தெரியாத வயதிலேயே எடுத்துவிடுகிறது. பிறகு மாற்றிக்கொள்ள வழி கிடையாது.

அமெரிக்காவின் கிழக்குக் கரையில், மேரிலாந்து, வர்ஜீனியா மாநிலங்களுக்குள் வடக்கு தெற்காக 300 கிலோமீட்டருக்கு மேல் நீண்டு கிடக்கிறது செசபீக் விரிகுடா. பெயர்தான் விரிகுடா, உண்மையில் அது ஆறுகளின் நன்னீரும் அட்லாண்டிக்கின் உப்புநீரும் கலக்கும் மாபெரும் கழிமுகம். சராசரி ஆழம் ஆறரை மீட்டரைத் தாண்டாது. கோடை தொடங்கித் தண்ணீர் சூடேறியதும் இங்குள்ள சிப்பிகள் முட்டையையும் விந்தையும் நீரிலேயே விடுகின்றன. நன்கு வளர்ந்த ஒரு பெண் சிப்பி ஒரு பருவத்தில் கோடிக்கணக்கில் முட்டையிடும். கருவுறுதல் உடலுக்கு வெளியே, நீரோட்டத்தின் தயவில் நடக்கிறது.

அப்படிப் பிறக்கும் லார்வா இரண்டு மூன்று வாரம் மிதந்து திரியும். அந்த நாட்களின் முடிவில் அதன் அளவு ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. உடம்பில் கரும்புள்ளியாகக் கண் தெரியும். நீட்டி மடக்க ஒரு பாதமும் முளைத்திருக்கும். இந்த நிலையில் அதை நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். பாதத்தை நீட்டி ஓரிடத்தைத் தொடுகிறது, கொஞ்சம் ஊர்கிறது, திரும்புகிறது, மறுபடி தொடுகிறது. இடம் பிடிக்காவிட்டால் எழுந்து நீந்திப் போய்விடுகிறது. பிடித்துவிட்டால் பாதத்தின் சுரப்பியிலிருந்து துளிப் பசையை விட்டு, இடது ஓடு அதன்மேல் படும்படி சாய்ந்து படுக்கிறது. சில நிமிடங்களில் முடிந்துவிடும் வேலை. பசை இறுகியபின் பாதமும் கண்ணும் கரைந்து போகின்றன. இனி எங்கும் போகப்போவதில்லை என்றால் அவை எதற்கு?

அதற்குப் பிடித்த இடம் எது? கெட்டியாக இருக்க வேண்டும், சேறு படிந்திருக்கக் கூடாது. கல், மரக்கட்டை, பழைய இரும்பு எதுவானாலும் ஒட்டிக்கொள்ளும். ஆனால் கிடைத்தால் முதலில் தேர்ந்தெடுப்பது இன்னொரு சிப்பியின் ஓட்டைத்தான். ஓட்டின் மேல் வளரும் நுண்ணுயிர்ப் படலமும், உயிருள்ள சிப்பிகள் விடும் வேதிப்பொருள்களும் அதை அழைக்கின்றன. இப்படிக் குஞ்சு தாயின் முதுகிலும், பேரன் அதன் முதுகிலுமாக ஏற ஏற, சேற்றுத் தரையின் நடுவே சுண்ணாம்பு மேடு ஒன்று உயர்கிறது. மன்னார் வளைகுடாவில் முத்துக்குளித்தவர்கள் சிப்பி படிந்த கடலடித் திட்டுகளைப் ‘பார்’ என்றார்கள். செசபீக்கின் மேடுகளையும் அப்படியே அழைக்கலாம்.

மேடு என்பது வெறும் அலங்காரமல்ல. கோடையில் விரிகுடாவின் அடிநீரில் ஆக்சிஜன் வற்றும். ஆறுகள் கொண்டுவரும் வண்டல் அடியில்தான் படியும். மேட்டின் உச்சியில் இருக்கிற சிப்பிக்கு இரண்டிலிருந்தும் தப்பிக்க வழி உண்டு. நீரோட்டமும் உச்சியில் வேகம் பிடிப்பதால் மிதவைப் பாசி, அதாவது சாப்பாடு, ஓயாமல் வந்துகொண்டிருக்கும். ஆகவே சிப்பிக்கு மேடு தேவை. மேட்டுக்குச் சிப்பி தேவை. ஒன்று குறைந்தால் மற்றது குறையும். இந்த அத்தியாயத்தில் வரப்போகும் எல்லா அழிவும் எல்லா மீட்சியும் இந்த ஒரு கணக்குக்குள் அடங்கியவை.

சூழலியலின் அடிப்படைக் கருத்துகளில் ஒன்று சிப்பிப் பாரிலிருந்துதான் பிறந்தது என்பது பலருக்குத் தெரியாது. கார்ல் மோபியஸ் என்ற ஜெர்மானிய விலங்கியலாளர் வட கடல் கரையில் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் பகுதியின் பார்களை ஆராய்ந்து 1877-இல் ஒரு நூல் எழுதினார். அரசு அவரிடம் கேட்டது சிப்பி வளர்ப்புப் பற்றிய யோசனை. அவர் கண்டதோ வேறு. பாரில் சிப்பி தனியாக இல்லை. கடற்பஞ்சு, புழு, நண்டு, மீன் என்று ஒன்றையொன்று அண்டிய கூட்டமே அங்கே குடியிருக்கிறது. அதில் ஒன்றை அளவுக்கு மீறி எடுத்தால் மொத்தமும் வேறாகிவிடும். அந்தக் கூட்டுக்கு அவர் ‘பயோசினோசிஸ்’ என்று பெயர் வைத்தார். இன்று உயிர்ச்சமூகம் என்று பாடப்புத்தகம் சொல்வதன் வேர் அதுதான். ஓர் அரசுக்குத் தேவைப்பட்ட அறிக்கையிலிருந்து ஒரு துறையின் அடித்தளம் கிடைத்தது என்பதை ஆராய்ச்சிக்கு நிதி ஒதுக்குகிறவர்கள் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

செசபீக்குக்குத் திரும்புவோம். ஐரோப்பியர் வருவதற்கு முன் அங்கிருந்த பூர்வகுடிகள் மூவாயிரம் ஆண்டுகளுக்கும் மேலாகச் சிப்பி எடுத்துச் சாப்பிட்டிருக்கிறார்கள். அவர்கள் விட்டுப்போன ஓட்டுக் குவியல்களை அளந்து பார்த்த டார்பன் ரிக் குழுவினர் 2016-இல் ஒன்றைக் காட்டினார்கள்: அத்தனை காலத்திலும் சிப்பியின் அளவு பெரிதாகச் சுருங்கவில்லை. கரையோர ஆழமற்ற நீரில் கையால் எடுத்திருக்கிறார்கள். ஆழத்தில் கிடந்தவை தொடப்படாமல் விதை கொடுத்துக்கொண்டே இருந்திருக்கின்றன. 1701-இல் வந்த சுவிட்சர்லாந்துப் பயணி பிரான்சிஸ் லூயி மிஷெல் ஏறி வந்த படகு ஒரு சிப்பிப் பாரில் தட்டி நின்றுவிட, ஓதம் ஏறும்வரை இரண்டு மணி நேரம் காத்திருந்ததாக எழுதிவைத்திருக்கிறார். கப்பலோட்டிகள் பாறைக்குப் பயப்படுவதுபோல் சிப்பிக்குப் பயந்த காலம் அது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் மூன்று விஷயங்கள் சேர்ந்து வந்தன. முதலாவது டிரெட்ஜ்: இரும்புப் பற்கள் வைத்த சட்டத்தில் வலைப்பையைக் கட்டிப் படகின் பின்னால் இழுப்பது. அதுவரை பயன்பட்ட நீளக் கைப்பிடி இடுக்கி ஓரளவு ஆழத்துக்குத்தான் எட்டும். டிரெட்ஜுக்கு ஆழம் பொருட்டில்லை. நியூ இங்கிலாந்துக்காரர்கள் தங்கள் பார்களைத் துடைத்து முடித்துவிட்டுத்தான் அந்தக் கருவியோடு தெற்கே வந்தார்கள். இரண்டு மாநிலங்களும் ஆரம்பத்தில் அதைத் தடைசெய்தன. உள்நாட்டுப் போர் முடிந்த 1865-இல் மேரிலாந்து தன் குடிமக்களுக்கு உரிமம் கொடுத்துத் திறந்துவிட்டது. இரண்டாவது, டப்பாவில் அடைக்கும் தொழில். மூன்றாவது ரயில். கிரிஸ்ஃபீல்டு என்ற ஊர் ரயில் வந்ததும் சிப்பித் துறைமுகமானது. தூக்கி எறிந்த ஓடுகளைக் கொட்டி நிரப்பிய நிலத்தின் மேல்தான் அந்த ஊரின் துறைமுகப் பகுதி நிற்கிறது.

1884–85 பருவத்தில் மேரிலாந்தில் மட்டும் ஒன்றரைக் கோடி புஷல் சிப்பி எடுத்தார்கள். ஒரு புஷலுக்கு 300 என்று வைத்தாலும் 450 கோடிச் சிப்பி. எல்லை தாண்டி எடுப்பதில் இரு மாநிலத்தாருக்கும் துப்பாக்கிச் சண்டை நடந்தது. அதை அடக்குவதற்காகவே 1868-இல் மேரிலாந்து ‘ஆயிஸ்டர் நேவி’ என்ற ஆயுதப் படகுப் படையை அமைத்தது. வரலாற்றுப் புத்தகங்கள் இந்தச் சண்டைகளைச் சுவையாக விவரிக்கும். அவை அதிகம் பேசாத சங்கதி, ஓடு எங்கே போனது என்பது. சாலை போட்டார்கள், கோழித் தீவனத்தில் கலந்தார்கள், நம் ஊரில் கிளிஞ்சலைச் சுடுவதுபோலச் சூளையில் சுட்டுச் சுண்ணாம்பாக்கி வயலுக்கும் கட்டடத்துக்கும் அனுப்பினார்கள். சதையை மட்டும் எடுத்திருந்தால் அடுத்த தலைமுறைக்கு உட்கார இடமாவது மிஞ்சியிருக்கும். தரையையே பெயர்த்துக்கொண்டு போனார்கள்.

இதை அப்போதே கண்டு சொன்னவர் ஒருவர் இருந்தார். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் வில்லியம் கீத் புரூக்ஸ். பிற்காலத்தில் பழ ஈக்களை வைத்து மரபியலில் நோபல் பரிசு பெற்ற தாமஸ் ஹன்ட் மார்கனின் ஆசிரியர். அமெரிக்கச் சிப்பியின் முட்டை தாயின் உடலுக்கு வெளியே கருவுறுகிறது என்பதைக் கண்டுபிடித்துச் செயற்கையாகவும் செய்து காட்டியவர். ‘தி ஆயிஸ்டர்’ என்ற அவருடைய நூல் 1891-இல் வந்தது. அவர் சொன்ன வழி எளிது: கடலடியைக் குத்தகைக்கு விடுங்கள், ஓடு கொட்டுபவன் விதையைப் பெறட்டும், விவசாயம் செய்யுங்கள். மீனவர்கள் கொதித்தெழுந்தார்கள். பொதுச் சொத்து முதலாளி கைக்குப் போய்விடும் என்ற பயம் அவர்களுக்கு. அதில் நியாயமும் இருந்தது. அவர்களின் வாக்கு இல்லாமல் சட்டமன்றத்தில் ஜெயிக்க முடியாது. விளைவாக மேரிலாந்தில் சிப்பி வளர்ப்பு ஏறக்குறைய நூறாண்டு முடங்கிக் கிடந்தது. குத்தகைச் சட்டத்தை உருப்படியாகத் திருத்தியது 2009-இல்தான். புரூக்ஸ் பயிர்நிலத்தைப் பற்றிச் சரியாகச் சொன்னார், பயிர் செய்கிறவர்களைப் பற்றிப் போதுமான அளவு யோசிக்கவில்லை என்பது என் கணிப்பு.

வர்ஜீனியாவில் குத்தகை ஓரளவு நடந்தது. ஜேம்ஸ் ஆற்றில் குஞ்சுச் சிப்பிகளை அள்ளிவந்து தனியார் நிலங்களில் பரப்பி வளர்த்தார்கள். 1959-இல் அதுவும் நொறுங்கியது. எம்.எஸ்.எக்ஸ். என்ற நோய். ஹாப்லோஸ்போரிடியம் நெல்சோனி என்ற ஒற்றைச்செல் ஒட்டுண்ணி 1957-இல் டெலவேர் விரிகுடாவில் கொள்ளைநோயாக வெடித்து, இரண்டே ஆண்டில் செசபீக்கின் தெற்கு வாயிலுக்கு வந்துவிட்டது. பிற்காலத்தில் மரபணுவை ஒப்பிட்டபோது அது ஆசியச் சிப்பியில் இருக்கிற ஒட்டுண்ணி என்று தெரிந்தது. ஆசியச் சிப்பிக்கு அது பெரிய தொல்லை தருவதில்லை. அதைச் சந்தித்தே இராத அமெரிக்கச் சிப்பிக்கோ எமன். ஏற்கெனவே அங்கிருந்த டெர்மோ என்ற இன்னொரு நோயும் எண்பதுகளின் வறட்சிக் காலத்தில் தலைவிரித்தாடியது. இரண்டுமே உப்பு கூடக் கூட வலுப்பெறும் நோய்கள். மழை குறைந்து ஆறுகள் மெலிந்தால் விரிகுடாவில் உப்பு ஏறும். மேரிலாந்துப் பகுதியில் சிப்பியின் எண்ணிக்கை 1800-களின் தொடக்கத்தில் இருந்ததில் 99.7 விழுக்காடு போய்விட்டது என்று 2011-இல் மைக்கேல் வில்பெர்க் குழுவினர் கணக்கிட்டார்கள். 1980-க்கும் 2009-க்கும் நடுவே மட்டும் சிப்பி வாழத் தகுந்த தரையில் ஏறக்குறைய 70 விழுக்காடு சேற்றுக்குள் போனது.

சிப்பி போனதால் தண்ணீர் என்ன ஆனது? 1988-இல் ரோஜர் நியூவெல் என்ற ஆய்வாளர் ஒரு கணக்குப் போட்டார். 1870-க்கு முன்னிருந்த சிப்பிகள் விரிகுடாவின் மொத்த நீரையும் மூன்று முதல் ஆறு நாளில் வடிகட்டிவிட முடிந்திருக்கும். எஞ்சியிருப்பவற்றுக்கு ஓராண்டு போல் ஆகும். இந்தக் கணக்கைவிடப் புகழ்பெற்ற சிப்பிக் கணக்கு கிடையாது. ஒரு சிப்பி ஒரு நாளில் 190 லிட்டர் வடிகட்டும் என்பதும் அப்படியே சுவரொட்டிகளில் ஏறியது. அது நல்ல சூட்டில், நல்ல உப்பில், நன்கு வளர்ந்த சிப்பி எட்டக்கூடிய உச்சம். இயற்கையில் பெரும்பாலும் அதற்கு வெகுகீழேதான். கணக்கையே மறுத்தவர்களும் உண்டு. வசந்தத்தில் பாசி பெருகும்போது தண்ணீர் இன்னும் குளிராகவே இருக்கும், சிப்பி மந்தமாக இருக்கும். தவிரவும் பார்கள் ஓரங்களில், பாசியோ நடுவிரிகுடாவில், இரண்டும் எப்போதும் சந்திப்பதில்லை என்று லாரன்ஸ் பாமராய் குழுவினர் 2006-இல் வாதிட்டார்கள். சிப்பியைத் திரும்பக் கொண்டுவந்தால் விரிகுடா தானாகப் பளிங்காகிவிடும் என்று நம்பியவர்களுக்கு அது பிடிக்கவில்லை. வயல் உரமும் கோழிப்பண்ணைக் கழிவும் சாக்கடையும் ஆற்றில் இறங்கும்வரை சிப்பி ஒரு துணைதான், மாற்று அல்ல என்று எடுத்துக்கொள்வது உத்தமம்.

தோல்வி நீண்டபோது குறுக்குவழி ஒன்றைப் பார்த்தார்கள். கிரசாஸ்ட்ரியா அரியாகென்சிஸ் என்ற ஆசியச் சிப்பி இந்த இரு நோய்களையும் தாங்கும், வேகமாகவும் வளரும். அதை இறக்கிவிட்டால் என்ன? பல ஆண்டு ஆய்வு, கூட்டம், அறிக்கை எல்லாம் நடந்து 2009-இல் வேண்டாம் என்று முடிவானது. ஆசியாவிலிருந்து வந்த ஒட்டுண்ணியால் நொந்த ஊர், ஆசியாவிலிருந்து இன்னோர் உயிரை வரவழைப்பதற்குத் தயங்கியது நல்லதுதான்.

ரோஜர் மான், எரிக் பவல் இருவரும் 2007-இல் எழுதிய ஆய்வுக்கட்டுரை முகத்தில் அறைந்ததுபோல் இருந்தது. செசபீக்கின் மீட்பு இலக்குகள் நிறைவேறவில்லை, அநேகமாக நிறைவேறவும் முடியாது என்பதைத் தலைப்பிலேயே சொல்லிவிட்டார்கள். அவர்களுடைய வாதம் ஓட்டைப் பற்றியது. தண்ணீருக்கடியில் கிடக்கிற வெற்று ஓடு நிரந்தரமல்ல. துளைக்கும் கடற்பஞ்சு அரிக்கிறது, கரைகிறது, புதைகிறது. சில ஆண்டுகளிலேயே பாதி போய்விடும். பார் நிலைத்திருக்க வேண்டுமென்றால் பெரிய சிப்பிகள் அங்கேயே வாழ்ந்து அங்கேயே சாக வேண்டும், அவற்றின் ஓடு அங்கேயே விழ வேண்டும். நோய் அவற்றை இளமையிலேயே கொன்றால் விழுவது சின்ன ஓடு. மனிதன் எடுத்துப்போனால் ஓடே விழாது. வருகிற ஓட்டைவிடப் போகிற ஓடு அதிகமென்றால் எத்தனை கோடிக் குஞ்சு கொட்டினாலும் பார் தேயும்.

சரியான கணக்கு. ஆனால் அந்த நேரத்தில் கிரேட் விக்கோமிக்கோ என்ற வர்ஜீனியா ஆற்றின் அடியில் கணக்கு வேறு பக்கம் திரும்பியிருந்தது. 2004-இல் ராணுவப் பொறியாளர் படையினர் அங்கே பழைய ஓடுகளைக் கொட்டிப் பார்கள் அமைத்தார்கள், அறுவடைக்கு மூடினார்கள். சில இடங்களில் ஓட்டை உயரமாகக் குவித்தார்கள், சில இடங்களில் வழக்கம்போல் மெல்லியதாகப் பரப்பினார்கள். டேவிட் ஷூல்டி, ரசல் பர்க், ரோமுவல்ட் லிப்சியஸ் மூவரும் போய் அளந்தபோது 35 ஹெக்டேரில் 18 கோடிக்கு மேல் சிப்பிகள் இருந்தன, பல வயதிலும். 2009-இல் ‘சயன்ஸ்’ இதழ் அதை வெளியிட்டது. உயரமான பார்களில் சிப்பியின் அடர்த்தி, தாழ்ந்த பார்களில் இருந்ததைப்போல் நான்கு மடங்கு. அதே ஆறு, அதே நோய், அதே ஆண்டு. வேறுபட்டது மேட்டின் உயரம். அதுவரை மீட்பு என்ற பெயரில் மெல்லிய ஓட்டுப் படுகைகளை விரித்து, அவை இரண்டு மூன்று ஆண்டில் சேற்றில் மறைந்ததும் நோயைக் குற்றம்சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

கிரேட் விக்கோமிக்கோவுக்கு ஓர் அதிர்ஷ்டமும் இருந்தது: அதன் நீரோட்டம் லார்வாக்களை வெளியே விடாமல் உள்ளேயே சுற்றவைக்கும். எல்லா ஆறும் அப்படி இராது. உப்பு குறைந்த மேரிலாந்து ஆறுகளில் இயற்கையாகக் குஞ்சு விழுவது அரிது. நோய் குறைவு என்பதுதான் அங்கே ஆறுதல். ஆகவே அங்கே குஞ்சைக் கொண்டுபோய்ப் போட்டாக வேண்டும். கேம்பிரிட்ஜ் என்ற ஊரருகே மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தின் ஹார்ன் பாயின்ட் ஆய்வகம் நடத்தும் பொரிப்பகத்தில் அந்த வேலை நடக்கிறது. தாய்ச் சிப்பிகளை வெதுவெதுப்பான நீரில் வைத்துப் பருவத்துக்கு முன்பே முட்டையிடத் தயாராக்குகிறார்கள். லார்வாக்களைப் பாசி ஊட்டி வளர்த்து, கண் தெரிந்ததும் சல்லடையில் பிடித்தால் ஈரத் துணியில் ஒரு சின்ன எலுமிச்சை அளவுக்கு மண்நிற உருண்டை கிடைக்கும். அதற்குள் பல லட்சம் உயிர்கள். பழைய ஓடு நிரப்பிய கம்பிக் கூடைகள் இருக்கும் தொட்டியில் அதைக் கரைத்துவிட்டால், சில நாளில் ஒவ்வோர் ஓட்டிலும் பல குஞ்சுகள் ஒட்டியிருக்கும். ஓட்டோடு படகில் ஏற்றி ஆற்றில் கொட்டுவார்கள்.

ஹாரிஸ் கிரீக் என்ற சிற்றாற்றில் 2011-க்கும் 2015-க்கும் நடுவே 140 ஹெக்டேர் அளவில் இதைச் செய்தார்கள். இறக்கிய குஞ்சுகள் 200 கோடிக்கு மேல். போதிய ஓடு இல்லாததால் அடியில் கருங்கல் கொட்டினார்கள். கோடையில் அந்தச் சிற்றாற்றின் முழு நீரையும் பத்து நாளுக்குள் வடிகட்டும் அளவுக்குச் சிப்பி இருக்கிறது என்றும், அவை அகற்றும் நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் வேறு வழியில் அகற்ற ஆண்டுக்கு 30 லட்சம் டாலருக்கு மேல் ஆகும் என்றும் பின்னர் மதிப்பிட்டார்கள். முழு விரிகுடாவுக்கு மிகையாகத் தோன்றிய கணக்கு ஒரு சிற்றாற்றில் பொருந்துகிறது. 2014-இல் கையெழுத்தான விரிகுடா ஒப்பந்தம் 2025-க்குள் பத்துக் கிளையாறுகள் என்று இலக்கு வைத்தது. இந்த மாதிரியைப் பின்பற்றித்தான் மற்ற ஆறுகளிலும் வேலை நடந்தது.

மீனவர்களுக்கு இதில் மகிழ்ச்சி இல்லை. நல்ல பார்களாகப் பார்த்துக் காப்பிடமாக்கிப் பூட்டிவிட்டார்கள் என்பது ஒரு குறை. கொட்டிய கல்லில் நண்டுத் தூண்டில் கயிறு சிக்குகிறது, படகு இடிக்கிறது என்பது இன்னொன்று. ட்ரெட் ஏவன் ஆற்றில் இதற்காகவே 2016-இல் வேலை கொஞ்ச காலம் நின்றது. குறைகள் பொய்யல்ல. ஆனால் காப்பிடத்துக்குள் இன்னொரு காரியமும் நடக்கிறது. நோயில் பிழைத்த சிப்பி பெரிதாகி, அதிக முட்டையிட்டு, அந்தத் தாங்கும் சக்தியைக் குஞ்சுகளுக்குக் கொடுக்கிறது. எம்.எஸ்.எக்ஸ். செசபீக்கின் காட்டுச் சிப்பிகளிடம் வலுவிழந்துவருகிறது என்று வர்ஜீனியா கடல் அறிவியல் நிறுவனத்தின் ரயன் கார்னகியும் யூஜின் பரெசனும் 2011-இல் காட்டினார்கள். நோயில் எப்படியும் சாகப்போகிறது, அதற்குமுன் எடுத்து விற்றுவிடுவோம் என்ற பழைய நடைமுறை, பிழைக்கக்கூடியதையும் சேர்த்து விற்றுவிட்டது.

இனி வளர்ப்புக்கு வருவோம். இன்று வர்ஜீனியாவின் பண்ணைகளில் வளர்வது பெரும்பாலும் மும்மடியச் சிப்பி. ஸ்டாண்டிஷ் ஆலன், சிமிங் குவோ இருவரும் 1990-களில் நான்கு தொகுதிக் குரோமோசோம் உள்ள சிப்பியை உருவாக்கினார்கள். அதைச் சாதாரணச் சிப்பியோடு சேர்த்தால் மூன்று தொகுதியுள்ள பிள்ளை பிறக்கும். பூவனும் ரஸ்தாளியும் மும்மடிய வாழைகள். விதையில்லாமல் இருப்பதற்குக் காரணம் அதுதான். சிப்பியிலும் அப்படியே. முட்டை உற்பத்தியில் உடம்பைக் கரைப்பதில்லை என்பதால் வேகமாக வளரும், மற்றவை மெலியும் கோடையிலும் சதைப்பற்றோடு இருக்கும், நோய் முற்றுமுன் சந்தைக்குப் போய்விடும். குஞ்சுகளைத் தனித்தனியாக வளர்ப்பதற்கு ஓட்டை மணல்போல் அரைத்து, ஒரு துணுக்குக்கு ஒரு லார்வா என்று ஒட்டவைக்கிறார்கள். பிறகு வலைப்பை, கூண்டு. பண்ணைக்காரர் அவ்வப்போது அவற்றைத் துளையுள்ள உருளையில் போட்டு உருட்டுவார். வளரும் விளிம்பு ஒடியும். நீளவாக்கில் போக வேண்டிய வளர்ச்சி உள்வாங்கி, ஓடு கிண்ணமாகக் குழியும். உணவகத் தட்டில் எல்லாம் ஒரே அச்சாக இருப்பதன் ரகசியம் அந்த உருட்டல்தான்.

இது காட்டுச் சிப்பிக்கு உதவுமா? நேரடியாக அநேகமாக இல்லை. மும்மடியச் சிப்பி குஞ்சு பொரிக்காது. கூண்டில் வளர்ந்தது பார் கட்டாது. அறுவடையோடு ஓடும் போய்விடும். பண்ணைச் சிப்பி சந்தைக்கு வந்ததால் காட்டுச் சிப்பியின் மேலுள்ள பிடி தானாகத் தளர்ந்துவிடும் என்பதும் ஆசைதான். அதற்குச் சட்டமும் காவலும் வேண்டும். ஆனால் வளரும்வரை அது தண்ணீரை வடிகட்டுகிறது. அறுவடையாகும் சதையோடு நைட்ரஜன் விரிகுடாவை விட்டு வெளியேறுகிறது. அதை மாசு குறைப்புக் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம் என்று 2016-இல் ஏற்றுக்கொண்டார்கள். இன்னொரு பலன் மறைமுகமானது: பொரிப்பகக் கலையும் நோய்தாங்கும் கால்வழித் தேர்வும் பண்ணைக்கும் மீட்புக்கும் பொது.

சிப்பியைப் போலவே ஓடுள்ள மட்டியின் கதை இத்தனை சிக்கலில்லாதது. மட்டி எதிலும் ஒட்டுவதில்லை. பாதத்தால் மணலைத் தோண்டி உள்ளே இறங்கி, இரண்டு குழாயை மட்டும் மேலே நீட்டிக்கொள்ளும். பார் வேண்டாம். வர்ஜீனியாவின் கடலோரத்தில் வாச்சப்ரீக் ஆய்வகத்தின் மைக்கேல் கஸ்டான்யா 1960-களிலிருந்து பொரித்துப் பழகிய முறையில்தான் இன்றும் மட்டி விளைகிறது: விரல்நுனி அளவுக் குஞ்சை மணலில் தூவி, நண்டும் திருக்கையும் தின்னாதபடி வலையால் மூடி, இரண்டு மூன்று ஆண்டு காத்திருப்பது. மட்டிக்கு வேண்டியது அக்கம்பக்கத்தில் துணை. முட்டையும் விந்தும் நீரில்தான் சந்திக்க வேண்டும் என்பதால், இங்கொன்றும் அங்கொன்றுமாகக் கிடந்தால் இருந்தும் இல்லாத கதி. நியூயார்க்கின் லாங் தீவில் ஷின்னிகாக் விரிகுடாவில் ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகத்தார் 2012 முதல் 30 லட்சத்துக்கு மேல் வளர்ந்த மட்டிகளை, பிடிப்பு தடைசெய்யப்பட்ட பகுதிகளில் நெருக்கமாகக் குடியேற்றினார்கள். பத்தாண்டில் மட்டி அறுவடை பத்து மடங்குக்கும் மேல் கூடியது. ஆண்டுதோறும் வந்துகொண்டிருந்த பழுப்புப் பாசிப் பெருக்கம் நின்றது.

கொல்லத்தை அடுத்த அஷ்டமுடி ஏரியில் அதுகூட முதலில் தேவைப்படவில்லை. எண்பதுகளில் ஏற்றுமதிக்காகத் தொடங்கிய மட்டிப் பிடிப்பு தொண்ணூறுகளின் ஆரம்பத்தில் சட்டென்று சரிந்தது. மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனத்தின் யோசனைப்படி, முட்டையிடும் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை தடை, சின்ன மட்டி தப்பிப்போகும்படி வலைக்கண்ணின் அளவு என்று கட்டுப்பாடு வந்தது, மட்டியும் வந்தது. 2014-இல், வளம் குன்றாத மீன்பிடிப்புக்கான எம்.எஸ்.சி. சான்றிதழ் பெற்ற இந்தியாவின் முதல் மீன்பிடிப்பு அதுதான். பிற்காலத்தில் மாசும் உப்பு மாற்றமும் அதை மறுபடி மெலியவைக்க, இப்போது பொரிப்பகக் குஞ்சைத் தூவிப் பார்க்கிறார்கள். மட்டிக்கு விதியும் பொறுமையும் பெருமளவு போதும். சிப்பிக்கு அவற்றோடு தரையும் வேண்டும், செலவெல்லாம் அதில்தான்.

பண்ணையும் பாரும் நேராகக் கைகோத்த சந்தர்ப்பம் ஒன்று எதிர்பாராமல் வந்தது. 2020-இல் கொரோனாவால் உணவகங்கள் மூடப்பட்டபோது பண்ணைச் சிப்பிகள் கூண்டிலேயே பெருத்தன. அளவு மீறிய சிப்பியை உணவகம் வாங்காது. தி நேச்சர் கன்சர்வன்சியும் பியூ அறக்கட்டளையும் சேர்ந்து ஏழு மாநிலப் பண்ணைகளிலிருந்து அவற்றை லட்சக்கணக்கில் விலைக்கு வாங்கி, மீட்புப் பார்களில் இறக்கின. பண்ணைக்காரருக்குக் காசு, பாருக்குப் பெரிய சிப்பியும் பெரிய ஓடும்.

ஓட்டுப் பஞ்சம் மட்டும் தீரவில்லை. 2010 முதல் ஆயிஸ்டர் ரெக்கவரி பார்ட்னர்ஷிப் என்ற அமைப்பு வாஷிங்டன், பால்டிமோர் வட்டாரத்து உணவகங்களிலிருந்து சாப்பிட்டு முடித்த ஓடுகளைத் திரட்டுகிறது. எலுமிச்சைத் துண்டும் டிஷ்யூ காகிதமும் பொறுக்கி எடுக்கப்பட்டு, சதை மிச்சமெல்லாம் போகும்படி ஓடு மாதக்கணக்கில் திறந்த வெளியில் காய்ந்து, கழுவப்பட்டு, ஹார்ன் பாயின்ட் தொட்டிகளுக்குப் போகிறது. ஓடு திருப்பிக் கொடுப்பவர்களுக்கு வருமான வரியில் சலுகை தரும் சட்டத்தையும் மேரிலாந்து கொண்டுவந்தது. அப்படியும் போதாமல் கருங்கல்லும் கான்கிரீட்டும் வாங்கத்தான் வேண்டியிருக்கிறது. அவற்றின் மேலும் லார்வா உட்காருகிறது, முதல் தேர்வு அதுவாக இல்லாவிட்டாலும்.